காய வைத்துக் கொடுங்கள்

அந்தத் துண்டறிக்கையில் இருப்பது தப்பான வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும், சார். தெரிந்தும் மறுபடி அச்சடித்தீர்கள்.

முதல் தப்பு என்னுடையது. அதை மறைக்கவில்லை. நான் தாராவியில் பிறந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். தமிழ் எழுத்து எனக்கு பைபிளைத் தட்டுத்தடுமாறிப் படித்து வந்தது. உங்களுக்கு இங்கிலீஷில் ஒரு பிரதி உண்டு; பன்றி வளர்ப்பவர்கள் படிக்க எழுதும் இந்தத் தமிழ்க் கடிதத்தைக்கூட அம்மா பார்த்துத் திருத்தித் தருகிறாள். என் தீசிஸுக்குக் கைடாக நீங்கள் என்னை எடுத்துக்கொண்டதே எனக்குத் தமிழ் பேச வரும் என்பதால்தான். செம்பூர் பக்கம் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் ஒன்றிரண்டு தாய்ப்பன்றி வைத்துப் பிழைப்பவர்களில் திருநெல்வேலிக்காரர்கள் நிறையப் பேர். பால் மறக்கிற குட்டிகளுக்கு அவர்கள் வீட்டில் கிடைப்பதை வைத்து என்ன கொடுத்தால் தேறும் என்பதுதான் என் ஆராய்ச்சி.

அவர்களுக்குக் கிடைப்பது ஹோட்டல் மிச்சம். மாட்டுங்கா மெஸ்களிலிருந்து டிரம்மில் வரும் சோறு, சாம்பார், ஊறுகாய், அப்பளம். அப்படியே போட்டால் பன்றிக் காய்ச்சல் வரலாம் என்பதால் அதைக் கொதிக்க வைத்துத் தவிடு கலந்து கொடுக்க வேண்டும். நீங்கள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தீர்கள். வீடு வீடாகக் கொடுக்கும் துண்டறிக்கைக்காக நான் தமிழில் எழுதினேன்: 'ஹோட்டல் மிச்சத்தை நன்றாகக் காய வைத்துக் கொடுங்கள்.'

எங்கள் வீட்டில் அம்மா தினமும் காலையில் 'தண்ணி காய வை' என்பாள். குளிக்க வெந்நீர். அதனால் எனக்குக் காய வைப்பது என்றால் அடுப்பு. துணி காயப்போட எங்களிடம் இந்தி வார்த்தைதான் இருந்தது.

ஒரு நாள் காலை, துண்டறிக்கை வாங்கியிருந்த கொட்டில் வரிசையிலிருந்து ஒரு அக்கா போன் செய்தாள். அவளிடம் ஒரு தாய்ப்பன்றியும் ஒன்பது குட்டிகளும் இருந்தன.

"ஏ பிள்ள, வந்து பாரு. குட்டி நின்ன எடத்துலயே சுத்துது."

பஸ்ஸில் போகும்போது என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் அவள் கொட்டிலுக்குப் போன அதே பூட்ஸோடு இன்னும் நாலு வீட்டுக்குப் போயிருந்தேன். இது காய்ச்சலாக இருந்தால் அதை வீடு வீடாகச் சுமந்தது நான்தான். முனிசிபாலிட்டி வண்டி வரும். அந்த வரிசையில் ஒரு பன்றியை உயிரோடு விடமாட்டார்கள். வழியில் சயானிலேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

பழைய கதவும் தகரமும் வைத்து அடைத்த கொட்டில். ஒரு குட்டி சுவரில் தலையை முட்டி அழுத்திக்கொண்டே நின்றது. ஒன்று வட்டம் போட்டது. இரண்டு பக்கவாட்டில் விழுந்து காற்றில் ஓடுவதுபோல் கால்களை உதைத்தன. பக்கத்துக் கொட்டில்காரர்கள் கிட்டே வரவில்லை. ஒருவர் மட்டும் தூரத்திலிருந்து, "என்ன டாக்டரம்மா, குட்டிக்குச் சாமி வந்திருக்கா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

என்ன போட்டாய் என்று கேட்டேன். அக்கா கூரையைக் காட்டினாள். நீலத் தார்ப்பாயில் சோறும் அப்பளமும் ஊறுகாய்த் துண்டுகளும் கல் மாதிரி காய்ந்து கிடந்தன.

"இது என்னக்கா?"

"என்னத்த கேக்க? நீதான காய வைக்கச் சொன்ன. காக்கா வெரட்டியே கை ஓஞ்சு போச்சு."

குட்டிகளின் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அங்கே குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும்.

சாயங்காலத்துக்குள் ஐந்து போய்விட்டன. ஒன்றை ஐஸ் பெட்டியில் வைத்து நம் கால்நடைக் கல்லூரி லேபுக்குக் கொண்டுவந்தேன். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் எந்தக் கொட்டிலுக்கும் போகவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் இன்னொரு வீட்டிலும் குட்டி சுற்றுகிறது என்று சொல்லப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

முடிவு வந்தது. காய்ச்சல் இல்லை. உப்பு. தண்ணீர் வற்றி உப்பு மட்டும் மிஞ்சிய சோறு, குடிக்கத் தண்ணீரும் இல்லை, மூளை வீங்கிவிட்டது. வரிசைக்காரர்களுக்கு உயிர் வந்தது. எனக்குப் பயம் அப்போதுதான் சரியாகத் தொடங்கியது.

அக்காவிடம் போய் நான் எழுதிய வார்த்தைதான் கொன்றது என்று சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். மிச்சமிருந்த நாலு குட்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"அந்தப் பேப்பர் வேற யார்கிட்டல்லாம் இருக்கு?"

அதே கேள்வியோடுதான் உங்கள் அறைக்கு வந்தேன், சார். ஒரு வார்த்தைதானே, விடு என்று இந்தியில் சொன்னீர்கள். அவள் வீட்டை ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னீர்கள். வளர்ப்பவர் தண்ணீர் வைக்கவில்லை என்று காரணம் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். என் தீசிஸில் உங்கள் கையெழுத்து வேண்டும். பயந்துதான் எழுதினேன்.

மழை முடிந்ததும் துண்டறிக்கையின் புதுக் கட்டு வந்தது. பச்சைத் தாள், கல்லூரி முத்திரை, அதே வரி. கையில் அகப்பட்டதிலெல்லாம் பேனாவால் அடித்து 'கொதிக்க வைத்து' என்று எழுதினேன். ஆனால் கட்டுகள் எங்கெங்கே போயின என்று எனக்குச் சொல்லமாட்டேன் என்கிறீர்கள். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எந்தக் கூரையில் தார்ப்பாயைப் பார்த்தாலும் அது மறையும் வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போகிறேன். இதைத் திருத்திக்கொண்டே, பட்டம் வாங்கும் வரை வாயை மூடு என்கிறாள் அம்மா. அதுவரை குட்டிகள் காத்திருக்காது.

அடுத்த மாதம் வளர்ப்பவர்கள் கூட்டம் இருக்கிறது. அக்காவும் வருவாள். என் வார்த்தையை நானே எழுந்து ஒத்துக்கொள்கிறேன். அதன்பின் மைக்கை நீங்கள் வாங்கி, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். அந்த வரி குட்டிகளைக் கொல்லும் என்று தெரிந்த பிறகும் ஏன் அச்சடித்தீர்கள்? அந்தக் கட்டுகள் இப்போது யார் யார் வீட்டில் இருக்கின்றன?