நான்கு பிளக்கும் ரஞ்சியின் வலது காலும்

போன சனிக்கிழமை காலை, லண்டன் மனோர் பார்க்கில் ஒரு வீட்டு வாசலில், ஜீப்பின் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு மனிதர் நின்றதை நீங்கள் பார்த்திருந்தால்... அது நான்தான். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஸ்பானர் பிடித்த மனிதர்.

என்ன வேலை? ஸ்பார்க் பிளக் மாற்றுவது. எங்கள் ஜீப்புக்குப் பதினாறு வயது. மேம்பாலம் ஏறும்போதெல்லாம் உடம்பைக் குலுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊரில் கராஜ் வைத்திருக்கும் செல்வம் அண்ணைக்கு போன் போட்டேன்.

“மீற்றரில எஞ்சின் லைட் எரியுதோ?”

“இல்லை அண்ணை. ஒரு லைட்டும் எரியேல்லை.”

“எரியாட்டிலும் பிளக்காத்தான் இருக்கும். வயசு போன வண்டி. நாலையும் மாத்தும், நீரே செய்யலாம். எஞ்சின் நல்லா ஆறினாப் பிறகு கழட்டும். ஒண்டைக் கழட்டினா அந்த இடத்தில புதுசைப் பூட்டிப்போட்டுத்தான் அடுத்தது, விளங்குதோ?”

விளங்கியது. ஆனால் அதற்கு முன் ஒரு விஷயம். இந்த ஜீப் என் மனைவி ரஞ்சியுடையது. லண்டனுக்கு வந்து முதலில் லைசன்ஸ் எடுத்தவள் அவள்தான், அதுவும் ஒரே தடவையில். நான் நான்காவது தடவையில்... அந்தக் கதை வேண்டாம். அவள் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் இருந்து வழி சொல்லி ஏச்சு வாங்குவதுதான் இருபத்தைந்து வருட வழக்கம்.

போன வருடம் ரஞ்சிக்குப் பக்கவாதம் வந்தது. சின்னது என்றார் டொக்டர். சின்னதா பெரியதா என்று வந்தவளுக்கல்லவா தெரியும்? வலது கால் இழுத்தது. பிசியோ, படிக்கட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சி என்று மாதக்கணக்கில் பாடுபட்டாள். டொக்டர் சரி என்ற பிறகு மறுபடி ஸ்டீயரிங் பிடித்தாள். முதல் ஓட்டம் முருகன் கோயிலுக்கு. இறங்கியதும் கார்ச் சாவியைத் தூக்கி சுவாமிக்குக் காட்டினாள்.

நான் என் பங்குக்கு ஜீப்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பொனற்றில் ஒன்று, ஸ்டீயரிங்கில் ஒன்று. சந்தோஷம் அடங்கவில்லை — ஸ்பீட் காட்டும் மீற்றர் கண்ணாடியிலும் கட்டியாக ஒன்று.

பிறகு மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள், சாவியை என் கையில் தந்தாள். “இனி நீங்களே ஓடுங்கோ.”

ஏன் என்று கேட்டேனா? இல்லை. களைப்பாக்கும் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும்கூட... உண்மையைச் சொல்லத்தானே இந்த வாரப் பத்தி!

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். முதல் பிளக் வந்தது. புதியதைப் பூட்டினேன். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வெளியே எடுத்தபோது அதன் வெள்ளைப் பீங்கானில் மெல்லிய வெடிப்பு, அதன் நெடுகக் கறுப்புக் கோடு. அந்த நேரம் பார்த்து ரஞ்சி தேத்தண்ணியோடு வந்தாள்.

“இதென்ன?”

“பிளக். வெடிச்சுப்போய் இருக்கு, பாரும். இதாலதான் ஏத்தத்தில வண்டி நடுங்கினது.”

“வண்டி நடுங்கினதோ?”

“ஓம். பாலத்தில ஏறேக்க. அக்சிலேட்டரில வைச்ச கால் கிடுகிடு எண்டு ஆடும்.”

அவள் கப்பை மதிலில் வைத்தாள். தானும் மதிலில் சாய்ந்தாள்.

“நான் என்ர கால் எண்டு நினைச்சன்.”

ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

“ஓட்டேக்க ரெண்டு முறை அந்தப் பாலத்தில நடுங்கினது. பிறகு பக்கத்து சீட்டில இருக்கேக்கையும். திரும்ப வருது எண்டு நினைச்சிட்டன். உங்களுக்குச் சொன்னா நீங்கள் பயந்து போவியள். அதுதான் கார்த் திறப்பை உங்கட கையில தந்தனான்.”

மூன்று வாரம்! பக்கவாதம் இரண்டாவது தடவை எப்போது வரப்போகிறதோ என்று எண்ணிக்கொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், துணி மடித்திருக்கிறாள். நான் பக்கத்து சீட்டில் அவளை வைத்துக்கொண்டு அதே பாலத்தில் ஏறி இறங்கியிருக்கிறேன். ‘வண்டி நடுங்குது’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே... சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட்டேன். கண் கலங்கியது. துடைக்கப்போய் முகமெல்லாம் கிரீஸ்.

“எதுக்கும் டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுவம், ரஞ்சி.”

“காட்டுவம். இப்ப மிச்சத்தைப் பூட்டுங்கோ.”

பூட்டினேன். ஸ்டார்ட் பண்ண அவளே ஏறி இருந்தாள். எஞ்சின் அலுங்காமல் குலுங்காமல் ஓடியது. ஆனால் அவள் மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்சாருங்கோ... இந்தப் பொட்டைச் சுத்தி ஏன் மஞ்சளா மினுங்குது?”

குனிந்து பார்த்தேன். என் சந்தனப் பொட்டின் ஓரத்தில் மெல்லிய வெளிச்சம். வைத்த பொட்டை யார் அழிப்பது? காய்ந்த பிறகும் நாங்கள் இருவருமே அதில் கை வைக்கவில்லை. முருகா என்று சொல்லி நகத்தால் சுரண்டினேன்.

உள்ளே எஞ்சின் லைட். ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

“பாவம்! ‘நான்தான், நான்தான்’ எண்டு இது சொல்லிக்கொண்டே இருந்திருக்கு,” என்றாள் ரஞ்சி. சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், கிரீஸோடு.

செல்வம் அண்ணைக்கு மறுபடி போன். “நாலைஞ்சு ஓட்டம் ஓடினா அது தானா அணையும். இனிப் பொட்டை வெளியில மட்டும் வையும்!”

ஜீப்புக்கு ஒரு லைட் இருந்தது, அதை நான் மூடிவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் வாய் இருந்ததே, அதை மூடியது யார்? பயப்படுவாரே என்று அவள், சின்ன விஷயம்தானே என்று நான். பாசம் இருக்கிற வீடுகளில்தான் இந்தக் கூத்து அதிகம் என்று நினைக்கிறேன்.

“அங்கால போய் இருங்கோ,” என்றாள். பேசாமல் பக்கத்து சீட்டில் போய் ஏறினேன். பாலம் வந்தது. வலது காலை அழுத்தினாள். ஜீப் நடுங்கவில்லை. அவள் காலும் நடுங்கவில்லை.

நடுங்கியது என் கால்தான் — அதை அங்கேயே, பாலத்தின் பாதியிலேயே, அவளிடம் சொல்லிவிட்டேன்.