வளருகிற பிள்ளையின் சப்பாத்து

குகதாசன் ஓல்டன் நகரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிறவர். சுவிசுக்கு வந்த புதிதில் டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார், மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்தார். குசினி ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்காரப் பிள்ளைகள் காலில் ஸ்கீ பூட்டிப் பனியில் சறுக்கிக்கொண்டு இறங்குவார்கள். தனக்கொரு பிள்ளை பிறந்தால் அதுவும் இப்படி இறங்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டார். நல்ல ஆசைதான். ஆனால் மனிதர் ஒருநாளும் ஸ்கீ சப்பாத்துக்குள் தன் காலை விட்டுப் பார்த்ததில்லை.

போன வருடம் மகள் அக்‌ஷயாவைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் ஸ்கீ முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். முடிந்து வந்தபோது ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவளுக்கு ஸ்கீயில் விருப்பமில்லை போல. சமையல்காரியோடு இருந்து உருளைக்கிழங்கு உரித்தாள். நல்ல உதவி."

தான் உரித்த அதே உருளைக்கிழங்கா என்று குகதாசன் பதறினார். ஐயோ, உலகத்தில் வேறு வேலையா இல்லை! மகளைக் கேட்டால், "விருப்பமில்லை அப்பா" என்றாள்.

நாளை விடிய இந்த வருட முகாமுக்கு பஸ் வெளிக்கிடுகிறது. இன்று சனிக்கிழமை, கடைகளை நேரத்தோடு பூட்டிவிடுவார்கள். "எனக்குக் காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ, நான் போகேல்லை" என்று அக்‌ஷயா ஒற்றைக்காலில் நின்றாள். தாய் ஜெயகௌரி போன வருடத்து ஸ்கீ சப்பாத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோது பிள்ளையின் முகம் சுருங்கியது.

"இஞ்சருங்கோ, அது கடிக்குது போல" என்றாள் ஜெயகௌரி.

அதுதானே விசயம்! குகதாசன் துள்ளி எழும்பினார். பிள்ளை வளர்ந்துவிட்டாள், சப்பாத்து சின்னதாகிவிட்டது. வேறென்ன? மகளையும் சப்பாத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

முதல் கடையில் பிள்ளைகளின் சப்பாத்தெல்லாம் வாடகைக்குப் போய்விட்டது. அடுத்ததில் ஆண்களின் அளவுதான் மிச்சம். விடுமுறை தொடங்குகிற நாளில் வேறெப்படி இருக்கும்? குகதாசனுக்கு அந்தக் குளிரிலும் வேர்த்தது. இந்த முறையும் பிள்ளை குசினிக்குள் இருந்தால் தன்னால் தாங்கமுடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசிக் கடைக்குள் ஓடி, விளக்கை அணைக்கப்போன பெண்ணிடம் கை எடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

"இதைவிட ஒரு நம்பர் பெரிது வேணும். தயவுசெய்து."

அந்தப் பெண் பழைய சப்பாத்தின் உள்மெத்தையைக் கழற்றி, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அக்‌ஷயாவின் காலை விட்டாள். குதிக்குப் பின்னால் இரண்டு விரல் போகவேண்டிய இடத்தில் அந்தப் பெண்ணின் கை முழுவதும் இறங்கியது.

"யார் இதைத் தெரிவு செய்தது?"

"நான்தான்" என்றார் குகதாசன் பெருமையாக. "வளருகிற பிள்ளை. அதோடு குளிருக்கு இரண்டு சொக்ஸ்."

நம்முடைய ஆட்களில் யார்தான் பிள்ளைக்கு அளவான சப்பாத்து வாங்கியிருக்கிறார்கள்? இரண்டு நம்பர் கூட எடு, முன்னுக்குப் பஞ்சை அடை, அடுத்த வருடத்துக்கும் காணும். இதுதானே நமக்குத் தெரிந்த சாத்திரம்!

அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு சொக்ஸையும் உருவினாள். மெல்லிய ஒன்றைப் போட்டு, மிகச் சின்னதாக ஒரு சோடியை எடுத்துக் கொழுவினாள்.

"அப்பா, விரல் முட்டுது."

"கழட்டுங்கோ! பிள்ளையின்ரை கால் நசியுது!" குகதாசன் கடைப் பெண்ணிடம் தமிழிலேயே கத்திவிட்டார். அவள் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. முழங்காலை மடித்து முன்னுக்குச் சாயச் சொன்னாள். அக்‌ஷயா சாய்ந்தாள். குதி பின்னுக்குப் போனது, விரல் முட்டவில்லை.

"அப்பா, இப்ப நோகேல்லை."

"பொய் சொல்லாதை. கடை பூட்டப்போகினம் எண்டு எனக்காகச் சொல்லாதை, பிள்ளை."

"மெய்யாத்தான் அப்பா." அவள் தொம் தொம்மென்று நடந்து காட்டினாள். "போன வருசம் கீழை இறங்கேக்கை கால் உள்ளுக்கை ஓடி ஓடி முன்னுக்கு அடிபட்டது. ரெண்டாம் நாளே நகம் கறுத்திட்டுது. அதுதான் குசினிக்குள்ளை இருந்தனான்."

குகதாசன் அப்படியே தரையில் இருந்துவிட்டார்.

"அப்ப ஏன் பிள்ளை என்னட்டைச் சொல்லேல்லை?"

அக்‌ஷயா குனிந்து கொளுக்கியை இறுக்கினாள்.

"சொன்னா நீங்கள் இன்னும் பெரிசு வாங்கியிருப்பியள், அப்பா."