சேலை கார்டு இல்லாத வண்டி

என் வீட்டுக்காரரின் பழைய மோட்டார் சைக்கிளைப் புதுசாக்குகிறேன் என்று மகன் முற்றத்தில் பிரித்துப் போட்டபோது எனக்கும் சந்தோஷம்தான். முற்றமெங்கும் நட்டும் போல்ட்டும். வடகம் காயப்போட இடமில்லை. அதற்குக்கூட நான் வாய் திறக்கவில்லை. அப்பனும் மகனும் சண்டை இல்லாமல் பேசிக்கொள்கிறார்களே, வடகம் போனால் போகட்டும்.

பெயிண்ட் அடித்து மாட்டிய பிறகு கூப்பிட்டான். முகம் தெரிகிற கறுப்பு. சுற்றி வந்து பார்த்தேன். பின்சக்கரத்தின் இடப்பக்கம் இருந்த கம்பி வலை, சேலை கார்டு, காணோம். அதன் கீழே நான் கால் வைக்கும் பலகையும் காணோம்.

"எங்கலே கம்பி?"

"அது கம்பெனியில வந்தது இல்லம்மா. அப்பா பெறகு மாட்டுனது. எடுத்தாத்தான் ஒரிஜினல்."

"அப்ப நான் எப்பிடிலே ஏற?"

"இனிமே நீ எங்க இதுல போகப்போற? காரு இருக்குல்ல. போட்டோவுக்கு மட்டும் அப்பா பின்னால உக்காரு, போதும்."

போட்டோவுக்கு! எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது.

கல்யாணமான புதிதில் மல்லாங்கிணற்றில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு இதே வண்டியில் திரும்பினோம். வழியில் முந்தானையைச் செயின் இழுத்துவிட்டது. நல்லவேளை, மாட்டு வண்டிக்குப் பின்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். மாம்பழக் கலர் சேலை, பாதி கிழிந்தது. அதன் ஜரிகையை வெட்டித்தான் இவனுக்குத் தொட்டில் கட்டும்போது கரை வைத்தேன், அது வேறு கதை. மறுநாளே இவர் வெல்டிங் பட்டறையில் உட்கார்ந்து அந்தக் கம்பியை வளைக்க வைத்தார். அதற்குப் பிறகு புதுப்பட்டி பயராபீஸுக்கு, அதான் பட்டாசு ஆலைக்கு, நான் வெடிக்குத் திரி வைக்கப் போன காலமெல்லாம் அந்தப் பலகையில்தான் என் கால். கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை விடமாட்டார்கள், தீப்பொறி பறந்துவிடும் என்று. எட்டவே இறங்கி நடப்பேன்.

இவரோ கட்டிலில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வாயில என்ன கொளுக்கட்டையா வச்சிருக்கீக?"

"பய ஆசைப்பட்டான்... அதான்..."

"ஆசைப்பட்டா? கம்பெனிக்காரனா என்னையக் கட்டிக்கிட்டான்? நான் ஏறாத வண்டி எம்புட்டு ஒரிஜினலா இருந்தா எனக்கென்ன? போட்டோவுக்கு ஒரு பொம்மையத் தூக்கி வச்சுக்கிடுங்க."

கோழிக்கூண்டுக்குப் பின்னால் பழைய இரும்போடு கிடந்தன இரண்டும். தூக்கி வந்து முற்றத்தில் போட்டேன். நங்கென்று சத்தம்.

"எம்மா, மாட்ட முடியாதும்மா. ஓட்டைய எல்லாம் அடைச்சுப் பெயிண்ட் அடிச்சாச்சு."

"அடைச்சவனே தெறந்து விடு."

"புதுப் பெயிண்ட்ல டிரில் போடவா? நெஞ்சு வலிக்கும்மா!"

"எனக்கு மட்டும் வலிக்கலையாலே?"

அவன் அசையவில்லை. இவர்தான் எழுந்தார். டிரில்லை எடுத்து, விரலால் தடவித் தடவி இடம் பார்த்து, வைத்து அழுத்தினார். கறுப்புத் தூள் கொட்டியது. மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குப் பரிதாபம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வெம்பக்கோட்டைப் பக்கம் எங்கள் குலசாமி கோயிலுக்கு இவரோடு அந்த வண்டியில் போனேன். மகன் காரில் பின்னாலேயே வந்தான். பாதி வழியில் ஹாரன் அடித்து, ஜன்னல் வழியாகக் கத்தினான்: "எம்மா, இங்கன திரும்பு, ஒரு போட்டோ!"

நான் திரும்பவே இல்லை. பலகையில் காலை நன்றாக ஊன்றி, முந்தானையைக் காற்றில் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.