நிருபர் காதில் விழுந்த பெயர்

எங்கள் பாஸ்கட்பால் டீமைப் பற்றி எழுத உள்ளூர்ப் பத்திரிகைக்குப் புது நிருபர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். பழைய நிருபர் ஒரு மகானுபாவர். ஆட்டம் முடிகிற நேரத்துக்கு வருவார், கலர் சோடா ஒன்று குடிப்பார், யார் ஜெயித்தது என்று விசாரித்துக்கொண்டு போவார். மறுநாள் "ஆட்டம் விறுவிறுப்பாக இருந்தது" என்று இரண்டு வரி வரும். சண்டைக் காலம் வேறு. ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் போக மிச்சமிருந்த இடம்தான் எங்களுக்கு. அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு சலூனில் அரை நாள் வாயடிப்போம்.

நான் அப்போது மதுரையில் ஒரு மில் ஆபீசில் குமாஸ்தா. ஆபீஸ் விட்டதும் பாலம் தாண்டி வடகரைக்கு ஓடுவேன். அங்கே செம்மண் கோர்ட்டைச் சுற்றி எங்கள் கூட்டம் முன்னதாகவே உட்கார்ந்திருக்கும். அத்தனை பேரும் வந்தது ஏழாம் நம்பருக்காக என்றே சொல்லலாம். இடது கைக்காரன். கூடையைப் பார்த்துப் பந்தை எறிவதற்கு முன் தாடையை இடது தோளில் ஒரு தரம் தேய்த்துக்கொள்வான். தேய்த்தான் என்றால் பந்து உள்ளே விழுந்த மாதிரிதான். அவன் கைக்குப் பந்து வந்ததும் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவோம். அந்தச் சித்திரையில் ஒரு வாரக் காய்ச்சலில் செத்துப் போனான்.

அவன் இடத்துக்கு வந்தது என் தம்பி. பேரையூரில் எங்கள் அய்யாவோடு காட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். போர்டிங் பள்ளியில் ஒரு டிரில் மாஸ்டர் பழக்கிவிட்ட ஆட்டம் அது. அய்யாவுக்கு அது அடியோடு பிடிக்காது. "ஓட்டக் கூடையில பந்தப் போடுறவனுக்கு எவன்டா சோறு போடுவான்?" என்று கேட்டுவிட்டு, தீபாவளிக்குள் ஆளாகிக் காட்டவில்லை என்றால் திரும்பி வந்து ஏரைப் பிடி என்று சொல்லி அனுப்பியிருந்தார். தம்பிக்கு இருந்தது ஒரே ஆசை. அவன் பெயர் ஒரு தரம் பத்திரிகையில் வரவேண்டும். அதை வெட்டி அய்யாவுக்கு அனுப்பவேண்டும்.

துணிக்குக் கண்ட்ரோல் இருந்த காலம். புதுப் பனியன் தைக்க வழியில்லை. செத்தவனுடைய ஏழாம் நம்பர் பனியனையே வெளுத்துத் தம்பியிடம் கொடுத்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லியும் பார்த்தேன்.

"துணிதானண்ணே, கடிக்கவா போகுது?" என்று மாட்டிக்கொண்டான். அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது.

புது நிருபர் ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடி சோடாப் புட்டி கனத்துக்கு இருக்கும். முதல் நாளே சீக்கிரம் வந்தது எங்களுக்குப் பிடித்தது. ஆனால் மனிதர் கோர்ட்டுக்கு முதுகைக் காட்டி, எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியும் திரும்பவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, எங்கள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, ஆட்டத்தப் பாக்கச் சொன்னா நம்ம மூஞ்சியப் பாக்குறாரு" என்றான் பக்கத்தில் இருந்தவன். சிரித்தோம். அன்றைக்குத் தம்பி பிரமாதமாக ஆடினான். நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

மறுநாள் விடிந்ததும் தம்பி சலூன் வாசலில் போய் நின்றுகொண்டான். பத்திரிகையில் ஒரு ஜாண் நீளத்துக்கு வந்திருந்தது. அப்படி ஒரு எழுத்தை நாங்கள் கண்டதில்லை. எங்கே மூச்சைப் பிடித்தோம், எங்கே எழுந்து நின்றோம் என்பதுகூட இருந்தது. ஏழாம் நம்பர் அடித்த ஒவ்வொரு பந்தும் இருந்தது. பெயர் மட்டும் செத்தவனுடையது. தம்பி பேப்பரை மடித்து வைத்தான். அவன் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே நாலைந்து பேர் பத்திரிகை ஆபீசுக்குப் போனோம். அடிக்கத்தான் போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டீமின் துக்கத்தைக் கேலி செய்துவிட்டான் என்ற ஆத்திரம்.

நிருபர் பதறவில்லை. "எனக்குத் தூரப் பார்வை சுத்தமா கிடையாது. கூட்டம் சொல்றதத்தான் எழுதுறேன். அந்தப் பேரச் சொன்னது நீங்கதானே சார்?" என்றார்.

"நாங்க எங்கய்யா சொன்னோம்? அவன் செத்து மூணு மாசமாச்சு!"

"செத்துட்டாரா?" என்று கேட்டார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது, மனிதர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஆட்டத்தில் தம்பியின் பெயரை மட்டுமே கத்துவது என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டோம். அப்படியே கத்தினோம். நான் சத்தியம் செய்வேன், என் வாயிலிருந்து என் தம்பியின் பெயர்தான் வந்தது. ஆட்டம் முடிந்து கிளம்பும்போது கடலை விற்கிற அம்மாளிடம் ஒரு பொட்டலம் வாங்கினேன். அவளுக்கு ஆட்டமும் தெரியாது, ஆட்களையும் தெரியாது.

"அந்த ஏழாம் நம்பர் தம்பி நல்லா ஆடுதுய்யா" என்றவள், செத்தவன் பெயரைச் சொல்லி, "அதானே அதோட பேரு? அம்புட்டுப் பேரும் அதத்தானே கூப்புட்டீக" என்றாள்.

பக்கத்தில் இருந்த நண்பர்களைப் பார்த்தேன். அவர்களும் கேட்டிருந்தார்கள். பாலம் வரைக்கும் அப்படியே நடந்து வந்தோம். அவரவர் வாயைக் கண்டு அவரவருக்கே பயமாக இருந்தது.

அதற்கடுத்த ஆட்டத்தில் நான் கத்துவதை விட்டுவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வந்ததும் இடது கைக்கு மாற்றினான். எங்கள் தம்பி சோறு தின்பதும் கையெழுத்துப் போடுவதும் வலது கையால். கூடைக்கு நேரே நின்றான். தாடையை இடது தோளில் தேய்த்தான். செத்தவனை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவன் மதுரைக்கு வந்ததே அந்த ஆள் செத்த பிறகுதான்.

வீட்டுக்கு வந்ததும், இடது கைப் பழக்கம் எப்போது வந்தது என்று கேட்டேன். "நான் எப்பவும் ஆடுற மாதிரிதானண்ணே ஆடுறேன்" என்றான். பனியனைக் கழற்றச் சொன்னேன். "இருக்கட்டும்ணே, குளிருது" என்று அதோடே படுத்துக்கொண்டான். ஆடி மாதம், புழுக்கம் தாங்கவில்லை.

அடுத்து திருச்சி டீமோடு ஆட்டம். அன்று செத்தவனுடைய அப்பா வந்தார். கணக்கு வாத்தியாராக இருந்தவர். மகன் உயிரோடு இருந்தவரை ஒரு நாள்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கையில் மகன் பெயர் வந்த அந்தப் பத்திரிகை இருந்தது. நேரே வந்து முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு யார் என்ன சொல்வது?

அவரைக் கண்டதும் எங்கள் கூட்டம் வாயைக் கட்டிக்கொண்டது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. ஆட்டம் நடந்தது. பந்து மண்ணில் மோதுகிற சத்தமும் ஆடுகிறவர்களின் மூச்சும் மட்டும் கேட்டன. திருச்சிக்காரர்கள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

தம்பி கையில் பந்து வந்தது. தாடையைத் தோளில் தேய்த்தான். அப்போது வாத்தியார் எழுந்து நின்று தன் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கத்தவில்லை. சாப்பிட வா என்று கூப்பிடுகிற குரல்தான்.

தம்பி திரும்பினான். இடது கையைத் தூக்கி, "வாரேம்ப்பா" என்றான். எங்கள் வீட்டில் அப்பா என்ற சொல்லே கிடையாது. பேரையூரில் அவர் எங்களுக்கு அய்யா.

ஆட்டம் முடிந்ததும் நிருபர் தட்டுத் தடுமாறி என்னிடம் வந்தார். வேர்த்திருந்தது. "சார், இன்னிக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. ஆடுனது யாரு, நீங்களாவது சொல்லுங்க" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தம்பியின் பெயரைச் சொன்னேன். இனிஷியலோடு சொன்னேன். ஊரையும் சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன்.

காலையில் நானே போய்ப் பத்திரிகை வாங்கினேன். வந்திருந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல், பேரையூரோடு வந்திருந்தது. அய்யாவுக்கு அனுப்ப வேண்டியதை வாய் நிறையப் படித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தேன். தம்பி கிணற்றடியில், அந்தப் பனியனோடு, இடது கையால் பல் துலக்கிக்கொண்டிருந்தான். பெயரை இன்னொரு தரம், சத்தமாக, நிறுத்திப் படித்தேன்.

வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நல்லா ஆடியிருக்கானே" என்றான். "யாருண்ணே அது?"