பதினாறு கட்டமும் இரண்டு தாயக்கட்டையும்

சுந்தரவல்லி மேடம் போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுப் போனில் செய்தி வந்தபோது நான் பாதி முகம்தான் மழித்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீதியை மறந்து அப்படியே கொட்டிவாக்கத்தில் பஸ் ஏறி மயிலாப்பூரில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்தினார்கள். மேடம் எழுந்திருந்தால் இரண்டு கன்னத்தையும் தனித்தனியாக அளந்திருப்பார்.

அதுதான் அவர் வேலை. உலோகத்தின் மேல்பரப்பு எவ்வளவு கரடு என்று அளப்பது. நான் அடையாற்றில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் தகடு பாலிஷ் போடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைப் போகச் சொல்லிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, தகட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்து, "வழவழன்னு கீது மேடம்" என்றேன்.

"எவ்வளவு வழவழ?"

"நம்ம டைரக்டர் சார் தலை மாதிரி."

சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை லென்ஸுக்குள் பார்க்கச் சொன்னார். மேடும் பள்ளமும். இன்னும் பெரிதாக்கினார். அந்தப் பள்ளத்துக்குள்ளும் மேடு, பள்ளம்.

"எத்தனை கிட்டப் போனாலும் அதே மொகம்தான், ஏகாம்பரம். சின்ன அளவுகோலா வெச்சு அளக்க அளக்க பரப்பு ஏறிண்டே போகும். எவ்வளவு வேகமா ஏறறதுங்கறதுதான் நம்ம கணக்கு."

அந்தக் கணக்கில் தட்டையான பரப்புக்கு விடை இரண்டு; கரடு கூடக்கூட மூன்றை நோக்கிப் போகும்; நிஜத் தகட்டுக்கு நடுவில் எங்காவது நிற்கும் என்றார்.

"ரெண்டுங்கெட்டான் நம்பரா மேடம்?"

"உங்களை மாதிரி."

அப்போது எங்களிடம் இரண்டு வகைத் தகடுகள் இருந்தன. பழைய முறையில் அளந்தால் மேடு பள்ளத்தின் சராசரி இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ஒன்று உழைக்கிறது, மற்றது சீக்கிரம் தேய்கிறது. ஏன் என்று தன் கணக்கு காட்டும் என்றார் மேடம். காட்டாவிட்டால் அந்த அறையையே மூடிவிடுவதாக மேலிருந்த குழு சொல்லியிருந்தது. தகட்டின் மேல் அளவெடுக்கும் ஊசியை ஓட்டி மூன்று மாதம் அளந்தோம். இரண்டுக்கும் ஒரே விடை வந்தது.

மேடம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ரீடிங்கூட வழி தப்பலை. இவ்வளவு ஒழுங்கா ஒலகத்துல எதுவும் இருக்காது. ஊசியை எங்க வெச்சேள்?"

பாலிஷ் போட்டவன் நானாயிற்றே. ஒவ்வொரு தகட்டிலும் என் கைவேலை நன்றாக வந்திருந்த மூலையைத்தான் ஊசிக்குக் காட்டியிருந்தேன், போட்டோவுக்கு நல்ல பக்கத்தைத் திருப்புவதுபோல. உண்மையைச் சொன்னேன். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

குழு வர ஒரு வாரம்தான் இருந்தது. "வேண்டாத ரீடிங்கைக் கழிச்சுட்டு வித்தியாசம் காட்டுங்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் டைரக்டர்.

"எனக்குத் தெரியுமே சார். எடத்தைக் குலுக்கிப்போட்டு எடுக்காதது என் தப்பு. எல்லாத்தையும் மறுபடி அளக்கறேன்."

என் பெயரை மேடம் சொல்லவேயில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளைக் கொண்டுவந்தார். தகட்டில் நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டம் கட்டினார். ஒரு கட்டை வரிசையைச் சொல்லும், இன்னொன்று அந்த வரிசையில் எத்தனையாவது கட்டம் என்று சொல்லும். புள்ளியில்லாத பக்கம் விழுந்தால் நான்கு என்று கணக்கு. விழுந்த இடத்தில்தான் ஊசி. நான் ஒளித்துவைத்திருந்த மூலையெல்லாம் வெளியே வந்தது.

குழுவின் பெரியவர் வந்ததும் கட்டையைத் தூக்கிப் பார்த்தார். "லேப்ல சூதாட்டமா?"

"ஆமாம் சார். மனுஷன் கை பொறுக்கற எடத்தைவிட இது யோக்கியமானது. நீங்களே போடுங்கோ, வர்ற கட்டத்தை இப்பவே அளக்கறேன்."

அவர் ஆறு முறை உருட்டினார். ஆறு முறையும் தேய்கிற தகடு தன்னைக் காட்டிக்கொடுத்தது. அறை பிழைத்தது. பெரியவருக்கு மட்டும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "பட்டறைக்கு ஒரு சராசரி போதும்மா" என்றார்.

"அதைத் தேஞ்சுபோன தகடு சொல்லட்டும் சார்" என்றார் மேடம்.

நேற்று அதே அறையில் நினைவுக் கூட்டம். "எதையும் அனுசரித்துப் போகிற அமைதியானவர்" என்று டைரக்டர் பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "இல்ல சார், அவங்க சண்டைக்காரங்க" என்றேன். டைரக்டர் உட்பட யாரும் மறுக்கவில்லை.

மேடத்தின் படத்துக்கு முன்னால் கட்டம் கட்டிய அந்தத் தகட்டையும் தாயக்கட்டைகளையும் வைத்திருந்தார்கள். என் கையில் தகட்டின் மேல் வைக்க ஒரு ரோஜா. நானாக இடம் பொறுக்கினால் மேடம் விடமாட்டார். "போய்ட்டு வாங்க மேடம், இந்தவாட்டி மூலையைத் தேடல" என்று சொல்லிக் கட்டைகளை உருட்டினேன். ஒன்று மேசையில் நின்றது: மூன்றாவது வரிசை. இன்னொன்று கீழே உருண்டுபோய், பாலிஷ் தண்ணீர் போகிற ஓட்டைக்குள் விழுந்தது. எத்தனையாவது கட்டம் என்று தெரியவில்லை. எனவே ரோஜாவைப் பிய்த்து, மூன்றாவது வரிசையின் நான்கு கட்டங்களிலும் சமமாகப் போட்டேன்.