லட்சுமி படத்தின் பட்டுச் சேலை

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதம், மைசூரில் எங்கள் பெண்கள் கல்லூரியில் நடந்தது இது. சுதந்திர தினத்துக்குப் பழைய படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம் என்று யோசனை சொன்னவள் நான். சொன்னவளே செய்யட்டும் என்று பொறுப்பையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு அது சுமையாகவே தெரியவில்லை. கொள்ளேகாலிலிருந்து வந்து, மண்டி மொஹல்லாவில் மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பழைய படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தங்கரேக்கு ஒட்டிய சாமி படம், வெள்ளைக்காரன் செதுக்கி அச்சடித்த கோட்டைப் படம், கல்லில் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சில் வந்த நாட்காட்டிப் படம், எதை நீட்டினாலும் எந்தக் காலம், எந்த முறை என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். பாதிக்குமேல் சரியாகவும் இருக்கும்.

பத்து நாளில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினேழு படங்கள் சேர்த்தேன். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவர் கணவர் அரிசி மண்டி வைத்திருந்தார். அக்காவும் எங்கள் கொள்ளேகால் பக்கம், தமிழ் மட்டுமே பேசும் ஒரு கிராமம்தான். தாமரைமேல் நிற்கும் லட்சுமி, இரு பக்கமும் யானைகள், கல்லச்சுப் படம். ஆனால் லட்சுமியின் முகமும் கைகளும் மட்டுமே அச்சாகத் தெரிந்தன. கழுத்துக்குக் கீழே நிஜப் பட்டுத்துணியை மடிப்பு மடிப்பாக மாவுப் பசையால் ஒட்டி, அதன்மேல் சமிக்கியும் மணியும் தைத்து, ஓரத்தில் ஜரிகை ஒட்டியிருந்தது. மைசூரில் பல வீடுகளில் இப்படிப் படத்துக்கு உடுத்தி, கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்பார்கள்.

"வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி நோன்பு. வியாழக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள லட்சுமி வூடு வந்து சேர்ந்துரோணும் அம்மிணி," என்று சொல்லித்தான் அக்கா கொடுத்தார்.

எனக்கோ அந்தச் சேலை கண்ணை உறுத்தியது. அசலை மறைத்து யாரோ சமிக்கி ஒட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்று தோன்றியது. அசல் என்பது அப்போது என் வாயில் ஓயாமல் வந்த சொல். படத்தின் அடியில் அச்சகத்தின் பெயர்கூட இருக்கும், இந்த ஜரிகை அதை மூடியிருக்கிறது என்ற எண்ணம் வந்ததும் கை சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கினேன். வெந்நீரில் பஞ்சை நனைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லப் பட்டுத்துணியை உரித்தெடுத்தேன். அச்சகத்தின் பெயர் எதுவும் இல்லை, ஆனால் அடியில் வெளிச்சமே படாமல் இருந்த சிவப்பு, நேற்று அச்சடித்ததுபோல் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உரித்த துணியையும் உதிர்ந்த மணிகளையும் ஒரு காகிதத்தில் மடித்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, படத்தை முன் சுவரில் மாட்டி, கீழே ஒரு சீட்டும் எழுதி வைத்தேன்.

மறுநாள் கண்காட்சி. காலையில் விரிவுரையாளர் அம்மா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். பதினோரு மணிக்கு அக்கா வந்தார். தன் வீட்டுப் படத்தைக் காட்டத் தெருவில் மூன்று பெண்களையும் கூட்டி வந்திருந்தார். முன் சுவர்வரை சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றார்.

"ஏன் அம்மிணி, எங்கூட்டு லட்சுமி எங்கே?"

"இதுதானுங்க அக்கா. பட்டுக்கு அடியிலே எவ்வளவு நல்ல சிவப்பு ஒளிஞ்சிருந்தது பாருங்க."

"சேலையை உருவிப்போட்டு, சிவப்பு நல்லாருக்குதுங்கறே."

கூட வந்தவர்களில் ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "இந்தச் சீட்டுலே என்ன எழுதியிருக்குது? படி, கேக்கறேன்."

கன்னடத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். "பிற்காலத்தில் ஒட்டப்பட்ட அலங்காரங்கள் நீக்கப்பட்டு, அசல் தோற்றத்தில்."

"ஒட்டுனவ பேரு போடலியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒட்டியவர் யார் என்று நான் கேட்கவே இல்லை. ஏதோ போன தலைமுறை ஆள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒட்டியவர் முப்பது வயதில் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

இதற்குள் கூட வந்தவர்களில் ஒருவரான கன்னடத்து அம்மாள் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நம்ம மனேலூ இதே இதெ ரீ," என்றார். அவர் வீட்டிலும் இதே படம் இருக்கிறதாம்.

"கேட்டியா," என்றார் அக்கா. "இந்த அச்சு லட்சுமி எங்க தெருவுலயே நாலு வூட்டுல இருக்கறா. எங்கூட்டுல இருந்தவ ஒருத்திதான். நாளான்னிக்கு நோன்பு. வர்ற பொம்பளைங்களுக்கு நான் யாரைக் காட்டறது?"

நாலு பேச்சு பேசக்கூடிய நான், "என்ன செய்யோணும்னு சொல்லுங்க அக்கா, செய்யறேன்," என்று மட்டும் சொன்னேன்.

"ஊசி கோக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நாளைக்குத் தெரிஞ்சுக்குவே. காலம்பற வந்துரு."

வியாழக்கிழமை வகுப்புக்குப் போகாமல் படத்தோடும் காகிதப் பொட்டலத்தோடும் அக்கா வீட்டில் உட்கார்ந்தேன். தையல் என்றால் படிப்பு வராத பெண்கள் செய்வது என்று எண்ணியிருந்தவள் நான். நூலை ஊசிக்காதில் நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்று முறை விரலில் குத்திக்கொண்டேன். "படிச்ச ரத்தம் பட்டுல படாமப் பாத்துக்கோ," என்றார் அக்கா, தலை நிமிராமலே.

உதிர்ந்த மணிகளை எங்கெங்கே தைப்பது என்று அவர் சொல்லச் சொல்லத்தான் கவனித்தேன். சேலையின் இடது மடிப்புகளில் எல்லாம் வெள்ளிச் சமிக்கி. வலது பக்கம் முழுக்க மயில்பச்சை மணி, அதுவும் நெருக்கமாக. அச்சுப் படத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது. அந்த ஒளியையும் நிழலையும் பற்றி நான் நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதையே இவர் மணியால் எழுதியிருந்தார், எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

"யோசிச்சுத்தான் இப்படி வெச்சீங்களா அக்கா?"

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? படத்துலே இந்தப் பக்கம் பளபளன்னு இருந்துது, அந்தப் பக்கம் மங்கலா இருந்துது. கண்ணு தெரியுதில்ல."

கல்யாணமாகி மைசூர் வந்த முதல் வருடம் அதைத் தைத்தாராம். கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. தெருவில் யாரோடும் பேச்சில்லை. எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பழக்கமில்லாத இந்த நோன்பை, அக்கம்பக்கத்தைப் பார்த்துத் தானும் எடுத்தார். தாம்பூலம் வாங்க வந்தவர்கள் இந்தச் சேலையைப் பார்த்து நின்றுவிட்டார்கள். சமிக்கி எங்கே வாங்கினீர்கள், பசையில் என்ன கலந்தீர்கள் என்று கையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். அப்படித்தான் அவருக்குக் கன்னடமும் வந்தது, சினேகிதிகளும் கிடைத்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சமும் குழையவில்லை. எனக்குத்தான் ஊசி நின்றுவிட்டது.

சாயங்காலம் பட்டுத்துணியைப் படத்தின்மேல் பொருத்திப் பார்த்தால் கால் பக்கம் இரண்டு விரல்கடை குறைந்தது. என் வெந்நீரில் துணி சுருங்கிவிட்டிருந்தது. புதுப் பட்டு வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பழைய ஜரிகையைத் தாமரைக்கு மேலாக வளைத்து ஒட்டினார். கீழே அச்சின் சிவப்பு இதழ்கள் வெளியே தெரிந்தன.

"இருக்கட்டும். உன்ற அசலும் அங்கே கொஞ்சூண்டு இருக்கட்டும்," என்றார். கண்காட்சியில் படத்தைப் பார்த்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை வந்த பெண்களில் ஒருவர்கூட அந்த இடத்தைக் கவனிக்காமல் போகவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "அம்மிணியைக் கேளுங்க, அவதான் சொல்லோணும்," என்று அக்கா என்னைக் கை காட்டினார். இருபது தடவையாவது கன்னடத்தில் என் தவறை நானே விளக்கிச் சொன்னேன். கடைசியில் ஓரளவு நன்றாகவே சொன்னேன்.

இன்றும் நான் பழைய படங்களைத் தேடி அலைகிறேன், இன்றும் வேகமாகத்தான் பேசுகிறேன். ஆனால் யார் வீட்டுப் படத்தைக் கையில் எடுத்தாலும், இதை வரைந்தவர் யார் என்று கேட்பதற்கு முன் இதன்மேல் யார் கை பட்டிருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். பதில் கிடைக்கும்வரை என் விரல் சட்டத்தின் ஆணிப் பக்கம் போவதே இல்லை.