தண்ணிப் படமும் என் மனைவி சொன்ன கதையும்

வாசிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படகு எஞ்சின் திருத்துகிறவன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடுகிற இடத்தில் கடைசி வரிசையில், கதவுப் பக்கமாகக் கதிரை தேடுகிற ஆள். சினிமாவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் ஒரு படத்தைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. என் மனைவி இதை வாசித்து, "ஓம், குடுங்கோ" என்று சொன்ன பிறகுதான் கொடுக்கிறேன்.

அது வருங்காலத்தில் நடப்பதாக எடுத்த ஓர் இங்கிலீசுப் படம். அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. கசெற்றின் மேல் ஒட்டியிருந்த தாள் எப்போதோ கிழிந்துபோயிருந்தது. நாங்கள் அதைத் தண்ணிப் படம் என்றுதான் சொல்வோம்.

எங்கள் வீடு மன்னார்த் தீவின் தென்கரையில் இருக்கிறது. சோளகக் காற்று பலக்கும் மாதங்களில் படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு இருப்போம். என் பெரியப்பா சம்மாட்டி. படகும் வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் செய்தவர். அவருடைய வாடிக் கொட்டிலில் வலைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பட்டினத்திலிருந்து டீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துப் படம் போடுவது அந்தக் காலத்து வழக்கம். ஜெனரேற்றருக்கு வீட்டுக்கொரு போத்தல் எண்ணெய் கொண்டுவர வேண்டும். பாய் அவரவர் பாய்.

எனக்குக் கல்யாணமான வருடம் இந்தியப் படங்கள் இரண்டு ஓடி முடிந்து, ஜெனரேற்றரில் இன்னும் எண்ணெய் மிச்சமிருந்தது. வேறு கசெற் இல்லை. அப்போது என் மனைவி எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு கசெற்றோடு வந்தாள். அவள் விடத்தல்தீவுப் பெண். கல்யாணத்துக்கு முன் ஓர் அரபு நாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தவள். போனவர்கள் நகையும் ரேடியோவும் கொண்டுவருவார்கள். இவள் ஒரு பையோடும் அந்தக் கசெற்றோடும் வந்தவள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பார்த்துப் பார்த்து அலுத்து எறிந்ததாம். அந்த நாட்டைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

படம் தொடங்கியது. உயர உயரமான கட்டிடங்கள். மேலே பணக்காரர், கீழே இருட்டில் மற்றவர்கள். கழுத்தில் நம்பர்த் தகடு மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கேற்றிலும் வரிசையில் நிற்கிறார்கள். தண்ணீர் முதலில் மேலே போகிறது. மேலே உள்ளவர்கள் குடித்து, குளித்து, பூமரத்துக்கும் ஊற்றிய பிறகு மிஞ்சியது குழாய் வழியே கீழே சொட்டுகிறது. பறக்கிற வண்டியைக் கட்டித் தூக்கிய கம்பி எங்களுக்கே தெரிந்தது. கட்டிடங்கள் காட்போட் மட்டையில் செய்தவை. சிரித்தார்கள். ஆனால் தகடு காட்டி நிற்கிற வரிசை வந்ததும் பெரியப்பா, "இது உயிலங்குளத்திலை எடுத்த படமல்லோ" என்றார். சண்டைக் காலம் அது; தீவை விட்டு அந்தப் பக்கம் போகப் பாஸ் எடுத்து, உயிலங்குளம் ஆமிச் சாவடியில் வெயிலில் வரிசையில் நின்றுதான் போவோம். வாடியே ஒரு முறை குலுங்கிச் சிரித்தது. அதற்குப் பிறகு மட்டையைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ யாரும் பேசவில்லை.

பேசுவது எங்களுக்கு விளங்கவில்லை. பெரியப்பா என் மனைவியைப் பார்த்து, "நீ வெளிநாட்டிலை இருந்தனீதானே, சொல்லு பிள்ளை" என்றார். புது மருமகள். மறுக்க முடியாது. டீவிக்குப் பக்கத்தில் நின்று சொல்லத் தொடங்கினாள்.

சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு பெண்தான் படத்தில் முக்கியம். "இவள் கீழ் ஊர்ப் பிள்ளை. மேல் வீட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறாள். இவளின்ர தகட்டை வீட்டுக்காரி வாங்கி அலுமாரியிலை வைச்சுப் பூட்டிப்போட்டாள். தகடு இல்லாட்டி ஒரு கேற்றும் திறக்காது" என்றாள். அந்தப் பெண் மேசை லாச்சிகளை இழுத்துத் திறந்து தேடும்போது, தகட்டைத் தேடுகிறாள் என்றாள். கட்டிடத்துக்கு வெளியே வெயிலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்போது, கண்ணாடிக் கோப்பை உடைத்ததற்காக வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்றாள். கடைசியில் அந்தப் பெண் உச்சிக்கு ஏறிப் பெரிய தண்ணீர்த் தாங்கியின் சக்கரத்தைத் திருகுகிறாள். தண்ணீர் முழுக்கக் கீழே கொட்டுகிறது. கீழே உள்ளவர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறார்கள். வாடியில் பெண்கள் அழுதார்கள். எங்கள் கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வர வேண்டும், குடங்களோடு காத்திருக்க வேண்டும்.

அதிலிருந்து ஒவ்வொரு சோளகத்துக்கும் தண்ணிப் படம் போடாமல் விட்டதில்லை. புதுப் படங்கள் வந்து போயின. கதாநாயகர்களின் தலைமயிர் மாறியது. இதை மட்டும் ஒவ்வொரு வருடமும் கேட்டார்கள். இப்படிப்பட்ட படங்கள் ஏன் நிலைத்து நிற்கின்றன என்று படித்தவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்: நூறு வருடத்துக்குப் பிறகு நடக்கப் போவதாகச் சொன்னால் எதையும் பயமில்லாமல் பார்க்கலாம், பயமில்லாமல் சிரிக்கலாம். பவுசர் பிந்தினால் எங்கள் பெண்கள், "மேல் வீட்டுக்காரர் இன்னும் குளிச்சு முடியேல்லைப் போல" என்பார்கள். மடு மாதா திருவிழாவுக்குப் போய்க் கொட்டில் போட்டிருக்கும்போதும் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டு என் மனைவியிடம் கதையைச் சொல்லச் சொல்வார்கள். டீவி தேவைப்படவில்லை. கடைசியில் கசெற் பூஞ்சணம் பிடித்து டெக்குக்குள் சிக்கி அறுந்தது. கதை அறுபடவில்லை.

இப்போது எங்கள் மகள் பங்குக் கோயிலின் இளைஞர் கூட்டத்தில் இருக்கிறாள். சமுதாயக் கருத்துள்ள படங்களைப் போட்டுப் பேசுவது என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். அவள் தாயிடம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதையை வைத்துத் தேடி, எப்படியோ அந்தப் படத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கீழே தமிழ் எழுத்தும் போட்ட நல்ல கொப்பி. தாயை மகிழ்விக்க வேண்டும் என்று, கண்டுபிடித்ததைக் கடைசி வரை ஒளித்து வைத்திருந்து, ஊர் முழுக்கச் சொல்லி, வாடியில் படம் பார்த்த பழைய ஆட்களுக்கு முன்வரிசையும் ஒதுக்கிவிட்டுத்தான் வீட்டில் சொன்னாள்.

என் மனைவி அடுப்பைப் பார்க்கிற மாதிரிக் குசினிக்குள் போனாள். நான் பின்னால் போனேன்.

"இஞ்சாருங்கோ, அதைப் போட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"நான் சொன்ன கதை அதிலை இல்லை. எனக்கெங்கை அந்த நேரம் அவ்வளவு இங்கிலீசு? இவ்வளவு காலமும் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கினம். முகத்திலை முழிக்கேலாது."

மகளிடம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது. எல்லாருக்கும் சொல்லியாயிற்று, பங்குச் சுவாமிக்கும் சொல்லியாயிற்று. வேண்டுமானால் கொப்பி பழுதென்று சொல்லி நிறுத்துகிறேன் என்றாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்த தாய், "ஒண்டும் நிறுத்த வேண்டாம். நான் வாறன்" என்றாள். அது தைரியமா, மகள் பொய் சொல்லக்கூடாது என்ற எண்ணமா, எனக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பங்கு மண்டபம் நிறைந்தது. பெரியப்பாவை இரண்டு பேர் பிடித்துக் கொண்டுவந்து முன்கதிரையில் இருத்தினார்கள். கண் சத்திர சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு எழுத்து நன்றாகத் தெரிகிறது. அதுதான் சிக்கலாகப் போனது. படம் தொடங்கி, சாம்பல் சட்டைப் பெண் வந்து வாயைத் திறந்ததும் கீழே, 'நான் நீர் வழங்கல் பரிசோதகர்' என்று எழுத்து வந்தது.

பெரியப்பா சத்தமாக, "எழுதினவனுக்கு இங்கிலீசு தெரியாது" என்றார்.

பின்னால் இருந்தவர்களும் ஓம் என்றார்கள். அலுவலகத்து லாச்சியில் அவள் தேடியது குழாய்களின் வரைபடம். "தகட்டை வரைபடம் எண்டு போட்டிருக்கிறான்" என்றார் பெரியப்பா. வெயிலில் கட்டிடத்துக்கு வெளியே நின்றது, சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. அதற்கும் ஏச்சு விழுந்தது. எழுதினவனை யார் படிப்பித்தது என்று ஒருவர் கேட்டார். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு வேலைக்காரி என்று வேலை கொடுத்தது யார், கோப்பை உடைந்தது எங்கே, வெயிலில் கதவு சாத்தப்பட்டது யாருக்கு என்று ஒவ்வொன்றாக எனக்கு விளங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்தவளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கையை மட்டும் பிடித்தேன்.

படம் முடிந்து லைற் போட்டதும் பெரியப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பித் திரும்பினார்.

"பிள்ளை, நீ சொல்லு. எழுத்துப் பிழைதானே?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மண்டபத்தில் ஒருவர்கூடச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"இல்லை மாமா. எழுத்து சரி. நான் சொன்னதுதான் படத்திலை இல்லை."

"அப்ப அந்த வேலைக்காரப் பிள்ளை ஆர்?"

"நான்தான்."

பெரியப்பா அவள் பக்கம் குனிந்தார். பிறகு சம்மாட்டிக் குரல் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"வீட்டுக்காரி தகட்டைத் தந்தவளோ?"

"பாஸ்போட், மாமா. தந்தவள். பிள்ளையளோட இருந்து இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தனான். பாஷை தெரியாட்டியும் கடைசிக் கட்டம் விளங்கினது. ஒருநாள் என்னை மொட்டை மாடியிலை விட்டுப் பூட்டினவை. தாங்கியும் அங்கைதான் இருந்தது. திறந்துவிட்டன். வீட்டிலை முகம் கழுவ ஒரு சொட்டு இல்லை. அடுத்த பிளேனிலை என்னை ஏத்திப்போட்டினம்."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெண் விம்மும் சத்தமும் கேட்டது. மூன்றாவது வரிசையில் இருந்தவள், அவளும் அரபு நாட்டில் வேலை செய்து வந்தவள். என் மனைவியைப் பார்த்து, "இதை நான் போக முதல் சொல்லியிருக்கலாமே அக்கா, நானும் திறந்துவிட்டிருப்பன்" என்றாள். என் மனைவி அவளிடம் போய்ப் பக்கத்தில் இருந்தாள்.

பேச்சு நிகழ்ச்சி என்று மகள் எழுதி வைத்திருந்த கேள்விகளை யாரும் கேட்கவில்லை. பெரியப்பா வெளியே போகும்போது, அடுத்த முறை சத்தத்தை நிப்பாட்டி, எழுத்தையும் எடுத்துவிட்டுப் போடும்படி மகளுக்குக் கட்டளை போட்டார். கதையைத் தாய் சொல்வாளாம். மகள் தாயைப் பார்த்தாள். தாய் தலையாட்டினாள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். வாசல் படலைக்குக் கிட்ட வந்த பிறகு, இத்தனை வருடமும் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒவ்வொரு சோளகத்துக்கும் சொன்னனான்தானே" என்றாள். "நீங்கள் கதவடியிலை இருந்து கேட்டனீங்கள்."

மறுநாள் மகள் இரவல் வாங்கிய புரொஜெக்டரைத் திருப்பிக் கொடுக்க மன்னார்ப் பட்டினத்துக்குப் போனாள். நானும் கூடப் போய், ஓர் எஞ்சினுக்கு இரண்டு பிளக் வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்கு முன் திரும்பி வந்தேன்.